ஆடாத ஊர்

கந்தம்மாளுக்கு யாரையும் நம்பத் தெரியாது. செக்கில் எள்ளைக் கொடுத்தால் கடைசிச் சொட்டு எண்ணெய் வடிகிற வரை இடத்தை விட்டு நகர மாட்டாள். பூசாரி கொடுக்கும் திருநீற்றைக்கூட, அடுப்புச் சாம்பலோ என்னவோ என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நெற்றியில் இடுவாள். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். சிரிக்கட்டுமே! புருஷன் போன பிறகு பங்காளிகள் நடுவில் ஒற்றைப் பொம்பளையாக நின்று, புன்செய்க் காட்டையும் கிணற்றையும் கைவிடாமல் வைத்திருக்கிறாள் என்றால் அந்தச் சந்தேகப் புத்திதானே காரணம்?

எருமப்பட்டிக்குக் கிழக்கே கரட்டுப்புதூரில் இருந்தது அந்தக் காடு. அது சண்டைக் காலம். மழையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது. விடிந்ததும் மாடு கட்டித் தண்ணீர் இறைத்தால், வெங்காயப் பாத்தி பாதி நனைவதற்குள் இறைக்கிற சால் கிணற்றின் அடியைத் தட்டிவிடும். இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் ஊற்று உண்டு என்று வெடிக்கார மாரியப்பன் அடித்துச் சொன்னான். அவள் நம்பவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து வெடிமருந்துக்குப் பர்மிட் வாங்கினாள். யுத்த நேரத்தில் அது லேசுப்பட்ட காரியமா? மருந்துப் பெட்டியை மாரியப்பனிடம் விடுவாளா அவள்? தன் வீட்டுக் கடைசி அறையில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தினமும் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வெடிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு நாள், காலை வெடி முடிந்து, ஆட்கள் கல்லை அள்ளிப் போட்டு, மத்தியானச் சோறும் தின்றாயிற்று. கந்தம்மாள் உறியிலிருந்து மோர்ப்பானையை இறக்கக் கையை நீட்டினாள். பானை கைக்கு வரவில்லை. தானாக அந்தப் பக்கம் போயிற்று, பிறகு திரும்பி வந்தது. தரைக்கு அடியில் பார வண்டி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அடுக்குப் பானைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மூலையில் நின்ற மண் குதிர் மேலிருந்து கீழாக விரிந்து, அந்தப் பிளவு வழியாக ராகி பொலபொலவென்று கொட்டியது.

அவள் வெளியே ஓடி வந்து செய்த முதல் காரியம் மாரியப்பனைத் தேடியதுதான். இந்தப் பயல் மருந்தைத் திருடி வைத்து, தனக்குத் தெரியாமல் இன்னொரு வெடி போட்டுவிட்டான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. அவனோ கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்து கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

“சாவி உங்க முந்தியிலயே இருக்குதுங்க ஆத்தா. நா எங்கீங்க போயி மருந்தெடுக்கறது?” என்றான்.

அவள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது. அப்புறம்தான், ஆடியது பூமியேதான் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது.

தெருவில் ஊரே நின்றுகொண்டிருந்தது. அவளுடைய பெரிய பங்காளி காளியண்ணன், அவிழ்ந்த வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். புருஷனுக்கு அண்ணன் முறை என்பதால் அவள் அவரை மச்சாண்டார் என்பாள். அவர் வீடு அவளுடைய கிணற்றுக்கு மேற்கே. அந்த வீட்டையும் தாண்டி இன்னும் மேற்கே அவர் கிணறு. அந்தக் கிணற்றின் பக்கச் சுவர் ஒரு புறம் சரிந்து, கல்லும் மண்ணும் தண்ணீரை மூடிவிட்டன. நல்ல வேளையாக உள்ளே யாரும் இல்லை. அன்று சாயங்காலம் வரை ஊரில் வேறு பேச்சே இல்லை. மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். காளியண்ணன் மனைவி ராஜம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கந்தம்மாள் கிணற்றுக்குக் குடிதண்ணீருக்கு வந்தாள். கந்தம்மாள் இறைத்து ஊற்றினாள்.

நாலைந்து நாள் கழித்து நாமக்கல்லிலிருந்து ஒரு குதிரை வண்டி வந்தது. கண்ணாடி போட்ட ஓர் ஆபீசரும், சுருட்டிய படங்களைச் சுமந்தபடி ஒரு டவாலிப் பியூனும் இறங்கினார்கள். பூகம்பத்தைப் பற்றி விசாரிக்கச் சர்க்கார் அனுப்பியிருக்கிறது என்றார் ஆபீசர். பூகம்பத்தை விசாரிக்கவாம்! திருட்டை விசாரிப்பார்கள், கொலையை விசாரிப்பார்கள். பூமி ஆடியதைப் போய் யாரிடம் விசாரித்து யாரைப் பிடிக்கப் போகிறார்கள்?

அவர் கேட்ட கேள்விகள்தான் ஊருக்குச் சந்தேகத்தைக் கிளப்பின. வீட்டில் பித்தளைப் பாத்திரம் எத்தனை, அதில் விழுந்தது எது? குதிர் இருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்ந்தது? அப்போது நிறைய இருந்ததா, பாதியாக இருந்ததா? கிணறு எவ்வளவு ஆழம், தண்ணீர் ஏறியதா இறங்கியதா? தானியத்துக்குச் சர்க்கார் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. செலவுக்குப் போக மிச்சத்தை அளந்து எடுத்துப் போகிறார்கள் என்றும், சில ஊர்களில் குதிருக்குள் கோலை விட்டுக் குத்திப் பார்க்கிறார்கள் என்றும் பேச்சு. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவர் வந்து, குதிர் நிறைய இருந்ததா என்று கேட்டால் என்ன நினைப்பது?

“பூமி ஆடுனா இவுங்களுக்கென்னக்கா வந்துச்சு? பூமியா வரி கட்டப் போவுது?” என்றாள் கந்தம்மாள், ராஜம்மாளிடம். “குதுரு பாக்கத்தான் வந்திருக்கறான்.”

ஆபீசர் சாவடியில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோதே அவள் புழக்கடை வழியாக வீடு வீடாகப் போய்விட்டாள். அசையவே இல்லை என்று சொல்ல வேண்டும். உறி, பானை, மாடு, கன்று எதுவும் அசையவில்லை. விரிசல் இருந்தால் உடனே மண்ணைக் குழைத்துப் பூசி, மேலே சாணி மெழுகிவிட வேண்டும். தன் வீட்டுக் குதிரில் இருந்த பிளவை அவள் ஏற்கெனவே பூசிவிட்டாள். அதன் முன்னால் பாயையும் சுருட்டி நிறுத்தியிருந்தாள். கரட்டுப்புதூரில் எந்த விஷயத்துக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே வாய்.

ஆபீசர் முதலில் கேட்டது அவளைத்தான்.

“ஒண்ணும் ஆடலீங்க சாமி. எங்கூரு கல்லு மேல ஒக்காந்துருக்குது” என்றாள்.

காளியண்ணன் அவளையும் மிஞ்சினார். ஆபீசரைக் கை காட்டி அழைத்து, கந்தம்மாள் கிணற்றையும் தம் வீட்டையும் சுட்டிக்காட்டினார். வீட்டுக்கு மேற்கே இடிந்து கிடந்த தம் கிணற்றை மட்டும் காட்டவில்லை.

“அந்தக் கெணத்துல தெனமும் வெடி வெக்கறாங்க சாமி. அதுவே எங்க ஊட்டுக்குப் பொட்டுக்கூட எட்டறதில்ல. தூங்கற கொழந்த முழிக்காது. பொறவு பூமி எங்கீங்க ஆடறது?”

மச்சாண்டாருக்கு இவ்வளவு மூளை உண்டா என்று கந்தம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவரை அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

ஆபீசர் படத்தை விரித்தார். சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். எருமப்பட்டியில் பானை உருண்டிருக்கிறது, நாமகிரிப்பேட்டையில் மத்தியானத் தூக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து ஓடியிருக்கிறார்கள், நடுவில் இந்த ஒரு ஊர் மட்டும் ஆடவில்லையா என்று கேட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு வண்டியேறினார். வண்டி கண்ணுக்கு மறைந்ததும் ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கந்தம்மாள் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள், காளியண்ணன் தாசில்தாருக்கு ஒரு மனுக் கொடுத்தார். கந்தம்மாள் அளவுக்கு மீறி வெடி வைத்ததால் தம் கிணறு இடிந்துவிட்டது, அவளுடைய பர்மிட்டை ரத்துச் செய்ய வேண்டும் என்று மனு. பூமிதான் ஆடவில்லையே! ஆடாத ஊரில் கிணறு இடிந்தது என்றால் வெடியைத் தவிர வேறு எது இடித்திருக்கும்? அவருடைய கணக்கு அதோடும் நிற்கவில்லை. வெடி நின்றால் கிணறு ஆழமாகாது, தண்ணீர் இல்லாவிட்டால் வெங்காயம் காயும், வெங்காயம் காய்ந்தால் அவள் காட்டை யாருக்காவது விட்டுத்தான் தீர வேண்டும். பக்கத்துக் காடு யாருடையது? அவருடையது.

தாசில்தார் சாவடிக்கு வந்து விசாரித்தார். கந்தம்மாள் எழுந்து நின்று, இடித்தது பூகம்பம்தான் என்றாள். தாசில்தார் சிரிக்கவில்லை. பூகம்ப ஆபீசர் இந்த ஊரில் அதிர்ச்சி இல்லை என்று அல்லவா குறித்துக்கொண்டு போயிருக்கிறார், அவரிடம் முதலில் அப்படிச் சொன்னதே நீதானாமே என்று கேட்டார். அவள் திரும்பி ஊர் ஜனங்களைப் பார்த்தாள். புழக்கடை வழியாக வந்து அவள் சொன்னபோது தலையாட்டிய அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் ‘ஏன் பொய் சொன்னாய்’ என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் குதிர் வெளியே வரும். யாரும் திறக்கவில்லை. பர்மிட்டைத் தாசில்தார் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த ஆபீசரே பூகம்பம் என்று எழுதிக் கொடுத்தால் திருப்பித் தருவதாகச் சொன்னார்.

கந்தம்மாளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மச்சாண்டார் மேல் கோபப்பட்டால், அவர் சொன்ன பொய்யை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே தான்தான் என்பது நினைவுக்கு வந்தது. வெங்காயத் தாள் நுனியில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. மறுநாள் அவள் நாமக்கல்லுக்கு நடந்தாள்.

ஆபீசர் இன்னும் பயணியர் பங்களாவில்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“அன்றைக்கு ஆடவில்லை என்றாயே அம்மா?”

“பொய் சொன்னனுங்க சாமி.”

“இன்றைக்கு?”

“இன்னைக்கு நெசமுங்க.”

ஏன் பொய் சொன்னாய் என்று அவர் கேட்டார். பயம் என்றாள். எதற்குப் பயம் என்றார். அவள் பார்வையை மேஜைப் பக்கம் திருப்பினாள். மேஜை மேல் படம் விரிந்து கிடந்தது. சிவப்புப் பொட்டுகளுக்கு நடுவில் கரட்டுப்புதூர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தைப் பற்றித்தான் தினமும் தலையைப் பிய்த்துக்கொள்கிறேன், அங்கே பாறை ஏதாவது தனி ஜாதியோ என்றுகூட யோசித்துவிட்டேன் என்றார் அவர்.

“எங்கள் மெஷின் எங்கேயோ ஒரு மலை மேல் இருக்கிறது. பூமி அசைந்தது என்று கோடு போட்டுக் காட்டும். எந்த ஊரில் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதை ஜனங்கள்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு இங்கே ஒரு பாலம் கட்டுகிறவன் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கட்டுவான். நீங்கள் பொய் சொன்னால் படமும் பொய். இப்போது உனக்குக் கிணறு வேண்டும், அதனால் ஆடியது என்கிறாய். உன்னை நான் எப்படி நம்புவது?”

எத்தனையோ பேரைப் பார்த்து அவள் கேட்ட கேள்வி அது. தன்னைப் பார்த்து ஒருவர் கேட்டபோது அவளுக்கு முகம் கூசியது. வந்து கண்ணால் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். அவர் சரி என்றார்.

அவள் ஊருக்குத் திரும்பி, அன்று போன வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனாள். இந்தத் தடவை வாசல் வழியாகவே போனாள். உள்ளதைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். ஒருத்தி குழந்தைக்குக் காய்ச்சல் என்று கதவைச் சாத்தினாள். இன்னொருத்தி, ஆபீசர் இரண்டாம் தடவை வருகிறான் என்றால் குதிருக்குத்தான், நீயே முதலில் சொன்னதுதானே என்று கேட்டாள். கந்தம்மாள் அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

வண்டி வந்தபோது ஊர் முழுக்க அவள் வாசலில் கூடியிருந்தது. காளியண்ணன் முன்னால் நின்றார். ஆபீசர் ஆளாளுக்குக் கேட்டார். ஆளாளுக்கு ஒன்றும் ஆடவில்லை என்றார்கள். கந்தம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், பாயை இழுத்து எறிந்துவிட்டு, கரண்டியால் குதிரின் மேல் பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தாள். காய்ந்த மண் பெயர்ந்து விழ விழ உள்ளே இருந்த பிளவு தெரிந்தது. ராகி அவள் காலடியில் கொட்டியது. வாசலில் நின்ற பெண்கள் வாயில் கையை வைத்தார்கள்.

“இதுக்குத்தானுங்க சாமி பொய் சொன்னன்” என்றாள். “எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கங்க. பூமி ஆடுனது நெசம்.”

ஆபீசர் ராகியைப் பார்க்கவே இல்லை. காந்த ஊசிப் பெட்டி ஒன்றை வெளியே எடுத்து, பிளவு எந்தத் திசை என்று பார்த்தார். சுவரைத் தட்டினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, இது ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார். கிணறு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, வெடியே இதைப் பிளந்திருக்கலாம்.

காளியண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றார்.

அந்தக் கனைப்பில்தான் கந்தம்மாளுக்கு அன்று அவர் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. அவள் கையில் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“சாமி, எங்க கெணத்து வெடி மச்சாண்டார் கெணத்த இடிக்கோணும்னா, நடுவால அவுரு ஊட்டத் தாண்டித்தானுங்க போவோணும்? அது அவுரு ஊட்டுக்குப் பொட்டுக்கூட எட்டறதில்ல, தூங்கற கொழந்த முழிக்காதுன்னு அன்னைக்கு உங்க கிட்டச் சொன்னாருங்களா இல்லீங்களா?”

ஆபீசர் மெல்லத் திரும்பிக் காளியண்ணனைப் பார்த்தார். சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது என்றார். ஊரே காளியண்ணனைப் பார்த்தது. வெடி வீட்டை எட்டவில்லை என்றால் வீட்டைத் தாண்டியிருக்கும் கிணற்றையும் எட்டியிராது. எட்டியது என்றால், சர்க்கார் ஆபீசரிடம் பொய் சொன்னவர் ஆவார். பூமியும் ஆடவில்லை, வெடியும் எட்டவில்லை என்றால் கிணற்றை இடித்தது யார்? அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“ஆடுச்சுங்க” என்றார் கடைசியில், தரையைப் பார்த்து.

ராஜம்மாள் யாரும் சொல்லாமலே போய்த் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். அங்கேயும் குதிரின் மேல் பழைய மண்ணோடு நிறம் சேராத புதுப் பூச்சு. ஒரு வீடு திறந்ததும் மற்ற வீடுகளுக்கும் வாய் வந்தது. என் வீட்டு அம்மிக் குழவி உருண்டது என்றான் ஒருவன். எங்கள் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்றாள் இன்னொருத்தி. ஆபீசரால் எழுதி மாளவில்லை. பூச்சைச் சுரண்டிப் பார்த்தால், எல்லாக் குதிர்களும் ஒரே திசையில் பிளந்திருந்தன. வெடியாக இருந்தால் கிணற்றைச் சுற்றி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகப் பிளந்திருக்கும் என்றார் அவர். அந்த வெற்றிடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். மற்ற ஊர்ப் பொட்டுகளைவிடக் கொஞ்சம் பெரிய பொட்டு.

பர்மிட் திரும்பி வந்தது. மாரியப்பன் சொன்னபடியே ஊற்றும் வந்தது. கந்தம்மாள் கிணற்றோரம் உட்கார்ந்து, தண்ணீர் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். வெங்காயம் பிழைத்தது.

அதற்கு அடுத்த மாதம் தானியக் கொள்முதல்காரர்கள் வந்தார்கள். எல்லா ஊருக்கும் போனவர்கள்தான், இந்த ஊருக்கும் வந்தார்கள். ஆனால் எதையும் விசாரிக்காமல் நேராகக் குதிர் இருக்கிற மூலைக்கே போனதாக ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஆபீசர் சொல்லியிருப்பாரோ, அந்த டவாலிப் பியூன் சொல்லியிருப்பானோ, யாருமே சொல்லவில்லையோ, கந்தம்மாளுக்குத் தெரியாது. அவள் வீட்டிலும்தான் அளந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவள் வந்தால் பேச்சு நின்றது. அவள் வாசலுக்கு நெருப்பு வாங்கக்கூட யாரும் வரவில்லை.

தண்ணீருக்கு மட்டும் ராஜம்மாள் வந்துகொண்டிருந்தாள். அவர்கள் கிணற்றை இன்னும் தூர் எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் குடத்தை வைத்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி சொன்னாள்.

“ஊர்ல ஒன்னையத்தான் சொல்றாங்க கந்தா. கெணத்துக்காவ எங்க எல்லாரையும் காட்டிக் குடுத்துட்டியாம்.”

கந்தம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“நீங்க என்னக்கா நெனைக்கறீங்க?”

ராஜம்மாள் குடத்தைக் கிணற்றுப் பக்கம் நகர்த்தி வைத்தாள். கந்தம்மாள் வாளியைத் தூக்கிக் குடத்தில் ஊற்றினாள். குடம் நிறைந்ததும் ராஜம்மாள் குனிந்து, அதிலிருந்து ஒரு கை தண்ணீரை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். நாக்கு நுனியால் தொட்டும் பார்த்தாள். அப்புறம்தான் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கந்தம்மாள் கயிற்றைப் பிடித்தபடி, அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.